நின்னா ஒரு விலை... உட்கார்ந்தா ஒரு விலை!

கல்யாண ரிசப்ஷனுக்குப் போனால், ஐஸ்க்ரீம் ஸ்டால் பக்கத்தில் ஒரு மெஷின் நிற்கும். 'புஸ்ஸ்ஸ்...' என்று ஊரையே கூட்டும். பாலும் சர்க்கரையும் சேர்த்து நுரை பொங்கப் பொங்க கப்பில் ஊற்றி, மேலே சாக்லேட் பவுடர் தூவி ஒரு அண்ணன் நீட்டுவார். அதுக்குப் பேர் 'எக்ஸ்பிரஸோ காபி'! 'எஸ்பிரஸோ என்றால் இதுதான்' என்று ரொம்ப காலம் நம்ம ஊர் நம்பிக்கிட்டு இருந்தது.

அதே நம்பிக்கையோடு பாரிஸில் ஒரு தெருமுனை கஃபேக்குள் நுழைந்து, 'ஒரு காபி' என்று கேட்டுப் பாருங்கள்... ஷாக்தான் பாஸ்! பொம்மைக் கல்யாணத்துக்கு வைக்கிற சைஸில் ஒரு கப். அதிலும் பாதிதான் இருக்கும், கறுப்பாக. பால் கிடையாது. நுரை எங்கேன்னு தேடினால், மேலே மெல்லிசாக ஒரு பழுப்புத் தங்கப் படலம். மொத்தமே 30 மில்லி. ரெண்டே மடக்கில் காலி. 'இதுக்கா இவ்வளவு காசு?' என்று மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும்.

கணக்கு சரிதான். ஆனால், அந்தக் காசு காபிக்கு மட்டும் இல்லை மக்களே! வேற எதுக்கு? இந்த வார மேட்டரே அதுதான்.

மூணு விலைப் பலகை

பிரான்ஸில் சாதாரண ஏரியா கஃபே வாசலில் ஒரு விலைப்பட்டியல் தொங்கும். அதில் ஒரே காபிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விலை இருக்கும். கவுன்ட்டரில் நின்று குடித்தால் ஒரு விலை. உள்ளே டேபிளில் உட்கார்ந்தால் கொஞ்சம் கூட. வெளியே பிளாட்பாரத்தில் போட்டிருக்கும் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தால் சில இடங்களில் இன்னும் கொஞ்சம் கூட. அதே மெஷின், அதே தூள், அதே கப்!

டூரிஸ்ட் கூட்டம் மொய்க்காத தெருவில், கவுன்ட்டர் காபி ஒண்ணரை யூரோ சுமாருக்குக் கிடைக்கும். நம்ம காசுக்கு நூத்தம்பது ரூபாய் பக்கம். நமக்கு அது ஜாஸ்தி. ஆனால், பாரிஸ் விலைவாசிக்கு அதுதான் ஊரிலேயே மலிவான டிக்கெட். எதுக்கு டிக்கெட்? உட்கார்றதுக்கு!

காசு கொடுத்து உட்கார்ந்துவிட்டால், அந்த நாற்காலி உங்களுடையது. சாப்பாட்டு நேரத்து நெரிசலைத் தவிர்த்து, 'அடுத்து என்ன சார்?' என்று யாரும் துணியால் டேபிளைத் துடைத்துத் துடைத்துக் காட்ட மாட்டார்கள். பில்லை கப்போடு வைத்துவிட்டுப் போனாலும் 'கிளம்புங்க' என்று அர்த்தம் இல்லை. பேப்பர் படிக்கலாம். பரீட்சைக்குப் படிக்கலாம். சும்மா ரோட்டைப் பார்க்கலாம். அதனால்தான் அந்த ஊர் நாற்காலிகள் எல்லாம் ரோட்டைப் பார்த்தே போட்டிருக்கும்.

இது வெறும் ஸ்டைல் இல்லை. பாரிஸில் வாடகை வீடு என்றால் பல பேருக்குத் தீப்பெட்டி சைஸ்தான். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ஜெர்மன் படை பாரிஸைப் பிடித்து வைத்திருந்தபோது, குளிர்காயக் கரி கிடைக்காது. 'கஃபே த ஃப்ளோர்' என்ற கடையில் அடுப்பு எரிந்தது. எழுத்தாளர் ஸார்த்தரும் சிமோன் த பொவ்வாரும் அங்கேதான் மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுதினார்கள். பின்னாளில் 'தத்துவஞானிகளின் கஃபே' என்று டூரிஸ்ட்கள் போட்டோ எடுக்கிற இடத்தின் ஒரிஜினல் ஸ்பெஷாலிட்டி என்ன தெரியுமா? கதகதப்பு!

உட்கார இடம் இல்லாதவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பேச்சு வளரும். 1789 ஜூலை 12-ம் தேதி, பாரிஸில் 'கஃபே த ஃபோய்' வாசலில் காமிய் தெமுலான் என்ற இளைஞர் டேபிள் மேலே ஏறி நின்று 'ஆயுதம் எடுங்க' என்று கத்தினார். இரண்டே நாளில் பாஸ்டில் சிறை விழுந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு ஒரு கஃபே டேபிள் மேடை போட்டுக் கொடுத்திருக்கு!

பேர்தான் பிரெஞ்சு!

'ஃப்ரெஞ்ச் ஸ்டைல் கஃபே' என்று போர்டு வைத்தால் போதும்... நம்ம ஆட்கள் சுவரில் ஒரு ஈஃபிள் டவர் ஒட்டிவிடுவார்கள். ஆனால், அந்த கஃபேக்குள் இருக்கிற பொருளை ஒவ்வொன்றாக எடுத்து 'நீ எந்த ஊரு?' என்று கேட்டால் காமெடியாக இருக்கும்.

காபி? 1669-ல் துருக்கி ஒட்டோமான் சுல்தானின் தூதராக வந்த சுலைமான் ஆகா, பாரிஸ் பெரிய மனிதர்களுக்குக் காபி கொடுத்து அதை ஃபேஷன் ஆக்கினார். 1672-ல் பாஸ்கல் என்ற ஆர்மீனியர் அதைத் திருவிழாக் கடையில் விற்றார். கஃபே? 1686-ல் ப்ரான்செஸ்கோ ப்ரோகோப்பியோ என்ற சிசிலித் தீவுக்காரர் கண்ணாடி, பளிங்கு எல்லாம் வைத்து 'ப்ரோகோப்' கடையைத் திறந்தார். வோல்த்தேர், திதெரோ எல்லாம் அங்கே கஸ்டமர்கள்.

கவுன்ட்டர்? அது வெளிநாடு இல்லை. ஆனால் வெளியூர். 19-ம் நூற்றாண்டில் ஓவெர்ன் மலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் பாரிஸில் தண்ணீர் சுமந்தார்கள், விறகும் கரியும் விற்றார்கள். கரி வாங்க வந்தவர்களுக்கு ஓரமாக ஒரு கிளாஸ் ஒயின் ஊற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் கரி மூட்டை உள்ளே போச்சு, கிளாஸ் முன்னால் வந்தது. பாரிஸின் ஏகப்பட்ட தெருமுனை கஃபேக்கள் இந்தக் கரிக்கடைக்காரர்கள் போட்ட பிள்ளையார் சுழிதான்!

க்ரோஸான்? (நம்ம பேக்கரி பாஷையில் 'க்ராய்சன்ட்'.) அதுவும் பிரெஞ்சு இல்லை! 1830-களின் கடைசியில் ஆகஸ்ட் ஸாங் என்ற ஆஸ்திரியாக்காரர், பட்டாள வேலையை விட்டுவிட்டு பாரிஸ் ரிஷ்லியூ தெருவில் 'வியன்னா பேக்கரி' திறந்தார். அங்கே விற்ற பிறை வடிவ வியன்னா ரொட்டியைப் பார்த்து பாரிஸ் பேக்கரிக்காரர்கள் காப்பி அடித்தார்கள். 'க்ரோஸான்' என்றாலே பிறைதான். இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஐட்டங்களை மொத்தமாக 'வியன்னுவாஸ்ரி' என்றுதான் சொல்கிறார்கள். அதாவது, 'வியன்னா அயிட்டம்'! ஆள் என்ன ஆனார் என்கிறீர்களா? ஊருக்குத் திரும்பிப் போய், 1848-ல் 'டீ ப்ரெஸ்ஸே' என்று ஒரு நாளிதழ் ஆரம்பித்துப் பெரிய புள்ளி ஆகிவிட்டார்.

எஸ்பிரஸோ மெஷின்? சந்தேகமே வேண்டாம், இத்தாலி!

அப்புறம், பிரெஞ்சுக்காரர்களுடைய சரக்கு என்னதான்? இத்தனை பேர் கொண்டு வந்து கொட்டியதை ஒரு தெருமுனையில் சேர்த்துவைத்து, 'ஒரு கப் வாங்கு... எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்கார்' என்று ஒரு ஏற்பாடு பண்ணினார்கள் இல்லையா? அதுதான் அவர்களுடையது.

இந்த லிஸ்ட்டில் நம்ம ஆள் ஒருத்தரும் இருக்கிறார். பாரிஸில் பெரும்பாலான ஏரியா கஃபேக்கள் க்ரோஸானைத் தாங்களே சுடுவதில்லை. காலையில் பக்கத்துத் தெரு பேக்கரியிலிருந்து கூடையில் வந்து இறங்கும். அப்படி ஒரு தெரு பேக்கரி வைத்திருக்கும் தர்ஷன் செல்வராஜா, இலங்கையிலிருந்து 2006-ல் பிரான்ஸ் போன தமிழர். 2023-ல் பாரிஸின் சிறந்த 'பகெத்' ரொட்டிக்கான போட்டியில் ஜெயித்தது அவர்தான். பரிசோடு, பிரான்ஸ் ஜனாதிபதி மாளிகைக்கு ஒரு வருஷம் ரொட்டி சப்ளை பண்ணுகிற பெருமையும் கிடைத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் சுடரையும் கையில் ஏந்தி ஓடினார். விசில் அடிக்கலாம்ல!

27 அடுக்கு ரகசியம்

முட்டை பப்ஸைக் கடித்தால் சட்டை முழுக்கத் தூள் கொட்டுமே... க்ரோஸான் அதுக்குப் பெரியப்பா பையன். இரண்டுமே மாவும் கொழுப்பும் மாறி மாறி அடுக்கின சமாசாரம்தான். வித்தியாசம், க்ரோஸானில் ஈஸ்ட் உண்டு. அதனால் வெளியே மொறுமொறு, உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக மெத்து மெத்து.

செய்முறை சிம்பிள் மாதிரி தெரியும். மாவைப் பிசைந்து ராத்திரி ஃப்ரிட்ஜில் தூங்கவைக்க வேண்டும். மறுநாள் வெண்ணெயைப் பலகை மாதிரி தட்டி, மாவுக்குள் வைத்து மூட வேண்டும். நீட்டாகத் தேய்த்து, லெட்டர் மடிக்கிற மாதிரி மூணாக மடிக்க வேண்டும். குளிரவைத்து, திரும்பத் தேய்த்து, திரும்ப மூணு மடிப்பு. இப்படி மூணு தடவை. மூணு பெருக்கல் மூணு பெருக்கல் மூணு... 27 அடுக்கு வெண்ணெய்! அப்புறம் முக்கோணமாக வெட்டிச் சுருட்டி, ரெண்டு மணி நேரம் உப்பவிட்டு, அதுக்கு அப்புறம்தான் அடுப்பு.

எங்கே சொதப்பும் தெரியுமா? சூட்டில். வெண்ணெய் ரொம்ப ஜில்லென்றால் மாவுக்குள் உடையும். இளகிவிட்டால் மாவோடு கலந்து அடுக்கே காணாமல் போகும். உப்பவிடுகிற ரூம் 26, 27 டிகிரியைத் தாண்டக் கூடாது. சென்னை மே மாசத்தில் இதைச் செய்ய வேண்டுமானால் ஆளுக்கு முன்னால் மாவுக்கு ஏ.சி. போட வேண்டும்! நம்ம புரோட்டா மாஸ்டர் எண்ணெயை வைத்துக்கொண்டு, வெயில், மழை பார்க்காமல் அஞ்சு நிமிஷத்தில் அடுக்கு வரவைக்கிறாரே... அந்தக் கையை நாம் சும்மா பாராட்டிவிட முடியாது.

இவ்வளவு வேலை இருப்பதால்தான் பிரான்ஸிலேயே குறுக்கு வழி புகுந்துவிட்டது. ஃபேக்டரியில் சுருட்டி, ஐஸில் உறையவைத்து, பெட்டியில் வருகிற க்ரோஸானை அடுப்பில் வைத்து எடுத்தால் வேலை முடிந்தது. ரொட்டியைக் கடையிலேயே பிசைந்து சுட்டால்தான் 'பூலான்ஜ்ரி' என்று போர்டு வைக்கலாம் என்று 1998-ல் சட்டமே வந்தது. ஆனால், அந்தச் சட்டம் ரொட்டிக்குத்தான். க்ரோஸானுக்கு இல்லை! அதனால், அங்கேயும் ஏமாறலாம். ஒரு சின்ன க்ளூ: பிரான்ஸில் நேராக இருந்தால் பெரும்பாலும் சுத்த வெண்ணெய். பிறை மாதிரி வளைந்திருந்தால் பெரும்பாலும் மார்ஜரின். இது பழக்கம்தான், சட்டம் இல்லை.

சட்டம் என்றதும் ஞாபகம் வருது. சாக்லேட் வைத்துச் சுடுகிற அதே மாவுக்கு பாரிஸில் 'பான் ஓ ஷோகோலா' என்று பேர். தென்மேற்கு பிரான்ஸில் 'ஷோகோலாதின்'. இந்தச் சண்டை 2018-ல் பாராளுமன்றம் வரை போய், தென்மேற்குப் பெயருக்கு ஆதரவாக எம்.பி.க்கள் கொண்டுவந்த சட்டத்திருத்தம் தோற்றே போச்சு. நாம் இட்லிப் பொடியா, மிளகாய்ப் பொடியா என்று வீட்டோடு நிறுத்திக்கொண்டோம்!

9 பார்... 25 செகண்ட்!

நம்ம ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்க ஒரு சீரியல் எபிசோட் ஓடிவிடும். அங்கே தண்ணீர் தானாக இறங்குகிறது. எஸ்பிரஸோவில் தண்ணீரைத் தள்ளுகிறோம். ஏழு கிராம் தூளை நைஸாக அரைத்து, இறுக்கி அமுக்கி, 90 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரை 9 பார் அழுத்தத்தில் விட வேண்டும். கார் டயருக்குள் இருக்கிற அழுத்தம் சுமார் 2 பார். அப்போ கற்பனை பண்ணிக்கோங்க! 25, 30 செகண்டில் 30 மில்லி வர வேண்டும். சீக்கிரம் ஓடிவந்துவிட்டால் புளிக்கும், தண்ணியாக இருக்கும். திக்கித் திணறி வந்தால் கசக்கும். தூளை எவ்வளவு நைஸாக அரைக்கிறோம் என்பதில்தான் வித்தையே.

இந்த 9 பார் ஒரே நாளில் வரவில்லை. 1884-ல் டூரின் நகரத்தில் ஏஞ்சலோ மொரியோண்டோ நீராவி காபி மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1901-ல் மிலன் நகரத்து லூய்ஜி பெஸ்ஸெரா, ஒவ்வொரு கப்பாகப் போட்டுக் கொடுக்கிற மாதிரி மாற்றினார். ஆனால், நீராவி மட்டும் என்றால் ஒண்ணரை பார்தான் தேறும். இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு, அகில்லே காஜியாவின் கைப்பிடி மெஷின் வந்துதான் அழுத்தம் எகிறியது. மேலே தங்கப் படலமும் வந்தது. 'இதென்ன அழுக்கு?' என்று ஜனங்கள் கேட்டால் மார்க்கெட் போய்விடுமே... அதுக்கு 'காபி க்ரீம்' என்று பேர் வைத்து விற்றுவிட்டார்கள். அதுதான் இன்றைக்கு உலகமே கொண்டாடுகிற 'க்ரேமா'!

பிரெஞ்சு கஃபே காபிக்கு ரொம்ப நாளாக ஒரு கெட்ட பேரும் உண்டு. ஒரே கசப்பு! காரணம், சரித்திரம். ஐவரி கோஸ்ட் மாதிரி ஆப்பிரிக்கக் காலனிகளில் விளைந்த ரொபஸ்டா கொட்டை மலிவாக வந்து குவிந்தது. அதைக் கறுக்க வறுத்தார்கள். கொட்டையைத் தரம் பார்த்து, இளசாக வறுத்துக் கொடுக்கிற கடைகள் பாரிஸில் பரவியது இந்த நூற்றாண்டில்தான். அதில் முன்னோடி, 2005-ல் திறந்த 'லா கஃபேயோதெக்'. திறந்தவர் க்ளோரியா மொந்தெநெக்ரோ. பிரான்ஸுக்கு க்வாத்தமாலா நாட்டின் தூதராக இருந்தவர். பார்த்தீங்களா... மறுபடியும் ஒரு வெளியூர்க்காரர்!

ரொபஸ்டா என்றாலே மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நல்லா விளைந்த ரொபஸ்டா, க்ரேமாவை கெட்டியாக நிற்கவைக்கும். இந்தியாவில் விளைகிற காபியில் பெரும்பங்கு ரொபஸ்டாதான். குடகு, வயநாடு மலைகளில் விளைகிற அந்தக் கொட்டையை அதிகமாக வாங்குகிற நாடு எது தெரியுமா? எஸ்பிரஸோவின் தாய்நாடான இத்தாலி! ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு கப்பில் மிதக்கிற தங்கப் படலத்தில் நம்ம பக்கத்து மலைவாசனை இருக்கலாம்.

போன்ஜூர் சொன்னா டிஸ்கவுன்ட்!

2013-ல் நீஸ் நகரத்து கஃபே ஒன்றின் விலைப்பலகை உலகம் முழுக்கச் சுற்றியது. 'ஒரு காபி' - 7 யூரோ. 'ஒரு காபி, ப்ளீஸ்' - 4.25 யூரோ. 'வணக்கம், ஒரு காபி ப்ளீஸ்' - 1.40 யூரோ! தமாஷுக்கு வைத்ததுதான். மதிய நேரத்தில் விறைப்பாக வந்து அதட்டுகிற கஸ்டமர்களுக்கான செல்லக் குட்டு. ஆனால், விஷயம் சீரியஸ். பிரான்ஸில் கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாமல் ஆர்டர் பண்ணுவது மரியாதைக் குறைவு. சப்ளை பண்ணுகிறவர் வேலைக்காரர் இல்லை. அது அவருடைய இடம். நாம்தான் விருந்தாளி.

அந்த வேலைக்கு அங்கே ஒரு கெத்தும் உண்டு. பாரிஸில் கஃபே சர்வர்களுக்கு என்றே ஒரு ரேஸ் நடந்து வந்தது. 2011-க்குப் பிறகு நின்றுபோய், 2024 மார்ச் மாதம் திரும்ப நடத்தினார்கள். வெள்ளைச் சட்டை, ஏப்ரன், கையில் ட்ரே. ட்ரேயில் ஒரு காபி கப், ஒரு க்ரோஸான், ஒரு கிளாஸ் தண்ணீர். 2 கிலோமீட்டர் தூரம். ஓடக் கூடாது, சிந்தக் கூடாது, வேகமாக நடக்கணும்! ஏறத்தாழ 200 பேர் கலந்துக்கிட்டாங்க.

நாற்காலி காலியாகுது...

இனி கொஞ்சம் கனமான விஷயம். 2015 நவம்பர் 13 ராத்திரி, பாரிஸில் தீவிரவாதிகள் தாக்கியது விளையாட்டு அரங்கத்தின் வெளியிலும் இசை அரங்கத்திலும் மட்டும் இல்லை... ஏரியா கஃபேக்களின் வாசல் நாற்காலிகளையும் குறிவைத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃப்ரெண்ட்ஸோடு சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் செத்தார்கள். அந்த ராத்திரி மொத்தம் 130 பேர். அடுத்த நாட்களில் பாரிஸ்காரர்கள் என்ன பண்ணினார்கள் தெரியுமா? திரும்பவும் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். 'நான் வாசலில்தான் இருக்கேன்' என்பதே ஒரு கோஷமாக ஆனது. குண்டு துளைத்த 'லா போன் பியேர்' மூணே வாரத்தில் கதவைத் திறந்தது. ஒரு காபி வாங்கி உட்கார்வதுகூட சில நாள் துணிச்சலான வேலையாகிவிடும்.

துப்பாக்கிக்குப் பயப்படாத கஃபே, வேறு ஒன்றிடம் மெதுவாகத் தோற்றுக்கொண்டு இருக்கிறது. 1960-களில் பிரான்ஸ் முழுக்க சுமார் 2 லட்சம் கஃபேக்கள் இருந்தன. இப்போது 40 ஆயிரம்கூட இல்லை. கிராமத்தை விட்டு ஜனங்கள் நகரத்துக்குப் போனது, வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது, ஆபீஸிலேயே காபி மெஷின் வந்தது, வாடகை ஏறியது... எல்லாம் சேர்ந்து அடித்த அடி. போதாக்குறைக்கு 2020, 2021-ல் கொரோனா மாதக்கணக்கில் பூட்டுப் போட்டது. ஒரு கிராமத்தில் கடைசி கஃபே மூடினால், காபி போவது பெரிசு இல்லை. ஊரில் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிற இடமே போய்விடுகிறது. அதனால்தான் 2019-ல் '1000 கஃபேக்கள்' என்று ஒரு திட்டம் ஆரம்பித்து, சின்னக் கிராமங்களில் கஃபேயைத் திறக்கவும் இருக்கிறதைக் காப்பாற்றவும் கிளம்பினார்கள்.

அமெரிக்க சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-ல் இதுக்கு ஒரு பேர் வைத்தார்: 'மூன்றாம் இடம்'. முதல் இடம் வீடு. இரண்டாவது வேலை செய்கிற இடம். (உங்களுக்கு காலேஜ்!) மூன்றாவது, நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை, எத்தனை அரியர்ஸ் என்று யாரும் கேட்காத இடம். அவர் சொன்ன உதாரணங்களில் பிரெஞ்சு கஃபேக்கு முக்கிய ஸீட்.

'வேலையை விட்டுட்டு ஒரு கஃபே வைக்கணும் மச்சி!'

ஹாஸ்டல் மொட்டைமாடியில் அடிக்கடி கேட்கிற டயலாக். கனவு நல்ல கனவுதான். ஒரே ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கஃபேயில் பத்து நாற்காலி. ஒருத்தர் ஒரு கப் வாங்கி ரெண்டு மணி நேரம் உட்கார்கிறார். காலை பத்து முதல் ராத்திரி எட்டு வரை, ஒரு நாற்காலிக்கு அஞ்சு பேர். எல்லா நாற்காலியும் நிரம்பியே இருந்தாலும் ஒரு நாளைக்கு 50 கப். கப் 100 ரூபாய் என்றால் 5,000 ரூபாய். இதில் வாடகை, கரன்ட், சம்பளம், பால், வெண்ணெய், லட்சக்கணக்கில் வாங்கின மெஷினுக்கு மாசத் தவணை... மூச்சு முட்டுதா?

இப்போ அதே கடையில் நாலு பேர் நிற்கிற மாதிரி ஒரு கவுன்ட்டர் போடுங்கள். நிற்கிறவர் அஞ்சு நிமிஷத்தில் குடித்துவிட்டுக் கிளம்புவார். ஒரு மணி நேரத்தில் 48 பேர். காலை வேலைக்குப் போகிற ரெண்டு மணி நேர அவசரத்தில் 96 கப்! நாள் முழுக்க உட்கார்ந்தவர்கள் குடித்ததைப்போல ஏறத்தாழ ரெண்டு மடங்கு. விலையைக் குறைத்துப் பாதிக்குக் கொடுத்தாலும் கட்டுப்படியாகும்.

புரிஞ்சுதா சூட்சுமம்? நிற்கிறவர்கள் காசில்தான் உட்கார்கிறவர்கள் உட்கார்கிறார்கள்! விடிகாலையில் வேலைக்கு ஓடுகிற மேஸ்திரி, பஸ் டிரைவர், தபால்காரர் எல்லாரும் கவுன்ட்டரில் சாய்ந்து மலிவாக ஒரு கப் அடித்துவிட்டுப் போவதால்தான், பதினோரு மணிக்கு ஒரு ஸ்டூடன்ட் நோட்டை விரித்துக்கொண்டு மதியம் வரை உட்கார முடிகிறது. பல ஊர்களில் 'ஃப்ரெஞ்ச் ஸ்டைல்' என்று திறந்த கடைகள் விட்டது இதைத்தான். நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டு கவுன்ட்டரை விட்டுவிட்டார்கள். அப்புறம் கணக்கு உதைக்கும். காபி விலை ஏறும். 'ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது' என்று நோட்டீஸ் வரும். ஈஃபிள் டவர் மட்டும் சுவரில் மிஞ்சும்.

நம்ம ஊருக்கு இந்தக் கணக்கு புதுசும் இல்லை. நின்று குடிக்கிற டீக்கடை நம்ம கவுன்ட்டர்தானே? உட்கார்கிற கலைக்கும் ஆள் உண்டு. 1950-களில் காபி போர்டு தன் கடைகளை மூடியபோது, வேலை இழந்த ஊழியர்கள் ஏ.கே.கோபாலன் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்து 'இந்தியன் காபி ஹவுஸ்' கடைகளைத் தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். மலிவு காபி, முண்டாசு கட்டின சர்வர், விரட்டாத நாற்காலி. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியில், நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் ஒரு பெரியவர் கதை சொல்ல ஆரம்பிப்பதாகத்தான் யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரை வரும். நல்ல கதைக்கு நல்ல நாற்காலி வேணும்!

அதனால், உங்கள் தெருவில் ஒரு குட்டி கஃபே திறந்தால் மெனு கார்டைப் பார்ப்பதற்கு முன்னால் மூணு விஷயம் பாருங்கள். ஒண்ணு, இருக்கிறதிலேயே மலிவான கப்பை வாங்குகிறவரையும் முகம் சுளிக்காமல் உட்காரவைக்கிறார்களா? ரெண்டு, க்ரோஸானைப் பிய்த்தால் அடுக்கு தெரிகிறதா, இல்லை 'பன்' மாதிரி வருதா? மூணு, காலேஜ் பசங்க, ஆபீஸ் ஆட்கள், ரிட்டயர்டு தாத்தா... மூணு பேரும் ஒரே நேரத்தில் கண்ணில் படுகிறார்களா? மூணுக்கும் 'யெஸ்' என்றால் அது பிரெஞ்சு கஃபேதான். போர்டு பஞ்சாபியில் இருந்தாலும்!

உங்களுக்கும் ரெண்டு ட்யூட்டி உண்டு. நுழையும்போது ஒரு வணக்கம். கூட்டம் அலைமோதும்போது காலி கப்பைக் கட்டிக்கொண்டு அழாமல், நாற்காலியை அடுத்தவருக்கு விடுவது. அந்தக் கடை அடுத்த வருஷமும் இருந்தால்தானே உங்கள் ஜூனியர்களும் உட்கார முடியும்?

பாக்கெட் அகராதி

பிரெஞ்சு மெனுவைப் பார்த்து முழிக்காமல் இருக்க...

* அங் கஃபே: சும்மா 'ஒரு காபி'. எஸ்பிரஸோதான் வரும்.
* ஸெரே: இன்னும் கம்மி தண்ணீர். ஸ்ட்ராங்கோ ஸ்ட்ராங்.
* அலோன்ஜே: தண்ணீர் கூடுதல். முதல் தடவை குடிப்பவர்களுக்கு சேஃப்!
* நுவாஸெத்: ஒரு சொட்டுப் பால் விட்டது. 'ஹேஸல்நட்' என்று அர்த்தம். ஆனால் கொட்டை எதுவும் இருக்காது, கலர்தான் அப்படி.
* க்ரெம்: நுரைத்த பாலோடு. நம்ம ஆட்களின் கடைசிப் புகலிடம்.
* கஃபே கூர்மான்: ஒரு எஸ்பிரஸோ, கூடவே ரெண்டு மூணு குட்டிக் குட்டி இனிப்பு. ஷேர் பண்ண ஆள் இருந்தால் சூப்பர்.
* லாதிஸியோன், ஸில் வூ ப்ளே: 'பில் கொடுங்க ப்ளீஸ்'. அவசரமே இல்லை, மெதுவாகக் கேட்கலாம்!